அத்தையையும் எழுதுங்கள்



இன்று என்னைப் பேச அழைத்த இந்த அறக்கட்டளை ஒரு தமிழாசிரியையின் நினைவாக அமைந்தது. அழைப்பிதழோடு, அவரைப் பற்றி அவர் மகன் எழுதிய அரைப்பக்கக் குறிப்பும் எனக்கு வந்தது. அதில் "அம்மா 52 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் காலமானார்" என்று இருந்தது. நினைவு மலர்களில் யாரும் இப்படி எழுதுவதில்லை. "சில காலம் உடல்நலம் குன்றியிருந்து" என்பார்கள். "இறைவனடி சேர்ந்தார்" என்பார்கள். நோயின் பெயரும் வயதும் அச்சில் ஏறாது. முப்பது ஆண்டுகளாகப் புற்றுநோயாளிகளோடு இருப்பவள் நான். அந்த ஒரு வரியைப் படித்ததுமே இன்று எதைப் பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். பெற்றோர் வழி வரும் மரபணு மாற்றங்கள் புற்றுநோய்க்கு எவ்வளவு தூரம் வழி திறக்கின்றன என்பதுதான் என் பொருள். அதைச் சொல்லப் புகுந்தால், வீட்டில் நாம் சொல்லாமல் விடும் சங்கதிகளைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் 34 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய ஒப்புதலோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். வலது மார்பில் கட்டி. பயாப்சி முடிவு கையில் இருந்தது. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு மூன்று வயது. கூடவே அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "எங்க வீட்ல யாருக்குமே இது கிடையாது டாக்டர்" என்று அம்மா அடித்துச் சொன்னார்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் கண்டவர் என்றால் உள்ளே கறுப்பு. இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. உலகம் முழுக்க மரபியல் மருத்துவர்கள் குடும்பப் படத்தை இப்படித்தான் வரைகிறார்கள். அம்மா வழியை வரைந்து முடித்தேன். பாட்டி 86 வயது வரை இருந்தார். பெரியம்மா, சித்தி, மாமா எல்லாரும் நலம். தாளின் இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. "அப்பா பக்கம்?" என்றேன்.

"அவுங்க பக்கம் எதுக்கு டாக்டர்? இது பொம்பளைங்க நோய்தானே."

கதவோரம் நின்றிருந்த அப்பா மெல்ல வாய் திறந்தார். "எனக்கு ஒரு அக்கா இருந்துச்சுங்க. வயித்துல நீர் கோத்துக்கிட்டு, நாலஞ்சு மாசத்துல போயிடுச்சு. நாப்பத்தொரு வயசு." சற்று நேரம் கழித்து, "எங்க அப்பத்தாவுக்கும் மாருல புண்ணு இருந்துச்சும்பாங்க. நான் அப்ப சின்னப் பையன்" என்றார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை ஆண்டுக் குடித்தனத்தில் அவருக்கும் அது புதுச் செய்தி.

வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு சில மாதங்களில் முடிந்துபோகும் நாற்பது வயதுப் பெண் என்றால், சினைப்பைப் புற்றாக இருக்கலாம் என்றுதான் நாங்கள் முதலில் நினைப்போம். இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்கினேன். அப்பத்தாவிடமிருந்து தாத்தாவுக்கு, தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அத்தைக்கும், அப்பாவிடமிருந்து இந்தப் பெண்ணுக்கு. நடுவில் இரண்டு ஆண்கள். அவர்கள் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வாங்கியதைக் கைமாற்றியிருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குத் தன் மரபணுக்களில் சரிபாதி அப்பாவிடமிருந்து வருகிறது. பள்ளிப் பாடத்தில் இதை எல்லாரும் படிக்கிறோம். ஆனாலும் கட்டிக்கொடுத்த பெண்ணை 'அந்த வீட்டுப் பெண்' என்று சொல்லிப் பழகிய நமக்கு, அத்தையின் நோய் நம் வீட்டு நோயாகத் தெரிவதில்லை.

என் தொழிலின் முதல் பத்து ஆண்டுகளில் நானும் அம்மா வழியை மட்டும் கேட்டுவிட்டுத் தாளை மடித்திருக்கிறேன். எத்தனை அத்தைகளை எழுதாமல் விட்டேனோ தெரியவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

மேலே போகுமுன் ஒன்று. புற்றுநோய் வந்த நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் பெற்றோர் வழி வந்த வலுவான ஒரு மரபணு மாற்றம் காரணமாக இருக்கும். மற்றவர்களுக்குப் புகையிலை, மது, கருப்பை வாயைத் தொற்றும் பாப்பிலோமா வைரஸ், உடற்பருமன், முதுமை, வெறும் தற்செயல் என்று பலவும் சேரும். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வாய்ப்புற்று என்றால், மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து புகையிலை போட்டவர்களாகவும் இருக்கலாம். ஆகவே யாரும் இங்கிருந்து பயந்துகொண்டு போகவேண்டாம். ஆனால் அந்த ஐந்து பத்துப் பேர் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் அக்காள் தங்கைகளும் அண்ணன் தம்பிகளும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். நோய் வருவதற்கு முன்பே நாம் கைகொடுக்க முடிந்தவர்கள் அவர்கள்.

குடும்ப வழி வரும் புற்றைப் பற்றிய அறிவுக்கு ஒரு தொடக்கம், ஒரு தையற்காரப் பெண்ணின் பேச்சு. 1895இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், மிச்சிகன் பல்கலைக்கழக நோய்க்குறியியல் அறிஞர் ஆல்டிரெட் வார்தினுக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண், தான் இளவயதிலேயே சாகப்போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, 'எங்கள் குடும்பத்தில் எல்லாரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் போகிறார்கள்' என்றார். வேறொருவர் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். வார்தின் அந்தக் குடும்பத்தின் சாவுக் கணக்கைத் தேடத் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம் அது. 1913இல் அதை வெளியிட்டார். மருத்துவ வரலாற்றில் அதற்கு 'ஜி குடும்பம்' என்று பெயர். அந்தப் பெண், தானே சொன்னபடி, 1919இல் கருப்பைப் புற்றால் இறந்தார்.

பிறகு நெடுநாள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1962இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமஹா நகரில், ஹென்றி லிஞ்ச் என்ற இளம் மருத்துவரிடம் குடிநோயாளி ஒருவர் வந்தார். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்றதற்கு, 'எங்கள் வீட்டில் எல்லாரும் புற்றுநோயில் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாவேன்' என்றார். லிஞ்ச் அந்தக் குடும்பத்தையும் வரைந்தார். அவருடைய ஆய்வு விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டன. புற்றுநோய் சூழலால்தான் வருகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அவர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகப் போய், வீட்டு அடுக்களைகளில் உட்கார்ந்து, உறவுமுறை கேட்டு எழுதினார். 1971இல் ஜி குடும்பத்தையும் மறுபடி தேடிப் போனார். இன்று அந்த நோய்க்கூட்டு அவர் பெயரால் 'லிஞ்ச்' எனப்படுகிறது: பெருங்குடல், கருப்பை உட்சுவர், இன்னும் சில இடங்களில் இளவயதிலேயே புற்று. டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்துகிற மரபணுக்களில் ஒன்று பழுதாகியிருப்பதுதான் காரணம். 1993இல் அவற்றுள் முதலாவது பிடிபட்டது. ஜி குடும்பத்தின் மரபணுவிலேயே அந்தப் பழுது உறுதியானது 2000இல். ஒரு தையற்காரப் பெண்ணின் வார்த்தைக்கு ஆய்வகம் கையெழுத்திட 105 ஆண்டுகள் ஆயின.

மரபாக வந்த பழுது எப்படி நோயாகிறது? இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன். குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஒரு புற்று உண்டு. உருட்டிக் கொடுக்கும் சோற்றைப் பாப்பா உண்ணும் வயதில், விளக்கு வெளிச்சத்தில் கண்மணி வெள்ளையாக மின்னும். "பூனைக்கண் மாதிரி தெரியுது" என்று தாய்மார் தூக்கிக்கொண்டு வருவார்கள். சில குழந்தைகளுக்கு இரு கண்ணிலும் வரும், அதுவும் மிகச் சிறு வயதில். சிலருக்கு ஒரு கண்ணில், சற்றுத் தாமதமாக. ஹூஸ்டனில் 48 குழந்தைகளின் நோய்க்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, நுண்ணோக்கியைக்கூடத் தொடாமல், வயதையும் கண்களின் எண்ணிக்கையையும் மட்டும் கணக்கிட்டு நட்சன் 1971இல் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தப் புற்று தொடங்க ஒரு செல்லில் இரண்டு பழுதுகள் நேர வேண்டும். இரு கண்ணிலும் வந்த குழந்தைகளுக்கு முதல் பழுது பிறக்கும்போதே இருக்கிறது.

நம் பழைய வீட்டுக் கதவுகளில் மேல்தாழ், கீழ்த்தாழ் என்று இரண்டு இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது; அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. உடம்பின் கோடிக்கணக்கான செல்களில் எல்லாக் கதவுகளிலும் மேல்தாழ் இல்லாமலே பிறப்பவர்தான் மரபுவழி மாற்றம் உள்ளவர். அவருக்கு நோய் இன்னும் வரவில்லை. எங்கோ ஒரு கதவின் கீழ்த்தாழும் கழன்றால்தான் வரும். அது முப்பது வயதில் கழலலாம், எழுபதில் கழலலாம், கழலாமலே போகலாம். என்னிடம் வந்த பெண்ணின் தாத்தாவும் அப்பாவும் நோயில்லாமல் இருந்தார்கள் அல்லவா?

மார்பகப் புற்றுக்கு வருகிறேன். பிரான்சில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் 1866இலேயே, தன் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைப் பெண்களுக்கு வந்த புற்றுநோயை எழுதி வைத்தார். அதற்கு நூறாண்டுக்குப் பின்னும் இதற்கென்று தனி மரபணு இருக்கும் என்று பெரும்பாலோர் நம்பவில்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் மரபியல் ஆய்வாளர் மேரி கிளேர் கிங் நம்பினார். 17 ஆண்டுகள் தேடினார். 23 குடும்பங்கள், அவற்றில் 146 மார்பகப் புற்றுநோயாளிகள். எல்லாக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் தெளிவாகவில்லை. பிறகு நோய் வந்த வயதின்படி குடும்பங்களை வரிசைப்படுத்தினார்கள். மிக இளவயதில் நோய் வந்த குடும்பங்களில் 17ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி கூடவே வந்துகொண்டிருந்தது. வயது ஏற ஏற அந்தத் தொடர்பு மறைந்தது. 1990 அக்டோபரில் சின்சினாட்டி நகர மாநாட்டில் அவர் அதை அறிவித்தார். வயதை எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 'அக்கா செத்துப்போச்சு' என்பதோடு நிறுத்தாமல் 'நாற்பத்தொரு வயசு' என்று அந்த அப்பா சொன்னார் பாருங்கள், எங்களுக்கு அதுதான் வேண்டும்.

பி.ஆர்.சி.ஏ. 1 என்று பெயர் பெற்ற அந்த மரபணுவை 1994இல் கையில் பிடித்தவர்கள் யூட்டா மாநிலத்தில் மார்க் ஸ்கால்னிக் குழுவினர். ஏன் யூட்டா? அங்கே வாழும் மார்மன் சமயத்தார் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வம்சாவளியை எழுதி வைப்பவர்கள். அந்தப் பதிவேடுகளையும் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டையும் இணைத்து வைத்திருந்தார்கள். மறு ஆண்டு லண்டனில் மைக்கேல் ஸ்டிராட்டன் குழு இரண்டாவது மரபணுவைக் கண்டது. மருத்துவமனைப் பேச்சில் இவற்றை 'பிராக்கா' என்போம். யூட்டாக் குழுவினரின் நிறுவனம் மரபணுக்களுக்கே காப்புரிமை வாங்கிச் சோதனையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உடம்பில் இயற்கையாக இருப்பதற்குக் காப்புரிமை இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்பாவும் அம்மாவும் தந்ததற்கு ஒரு கம்பெனி உரிமை கொண்டாடலாமா என்ற கேள்வி அது. சரியாகவே விடை கிடைத்தது என்பேன்.

பிராக்கா மரபணு எல்லாருக்கும் உண்டு. அறுந்த டி.என்.ஏ. இழையைப் பிழையில்லாமல் ஒட்டுகிற புரதத்துக்கான வாய்ப்பாடு அது. அதைப் 'புற்றுநோய் மரபணு' என்று எழுதும் பத்திரிகையாளர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். காக்கிற மரபணு அது, பழுதானால்தான் ஆபத்து.

என்னிடம் வந்த அந்த 34 வயதுப் பெண்ணின் சோதனை முடிவில் வந்த பழுதை உங்களுக்குக் காட்டுகிறேன். டி.என்.ஏ. எழுத்துகளைச் செல் மும்மூன்றாகச் சேர்த்துப் படிக்கிறது. தமிழில் மூன்றெழுத்துச் சொற்களால் ஒரு வாக்கியம் வைத்துக்கொள்வோம்: அவன் படகு கடல் நடுவே உளது. இதில் 'பட' என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் மும்மூன்றாகப் படியுங்கள்: அவன் குகட ல்நடு வேஉள து. போனது இரண்டு எழுத்து. கெட்டது அதற்குப் பின்னால் உள்ள எல்லாம். பிராக்கா 1 புரதத்தில் 1863 அமினோ அமிலங்கள் கோக்கப்பட வேண்டும். அந்தப் பெண்ணின் பழுதில் 23ஆவது இடத்தில் இரண்டு எழுத்துகள் விழுந்துவிட்டன. வாசிப்பு தடம் புரண்டு, 39ஆவது இடத்திலேயே முற்றுப்புள்ளி வந்துவிடுகிறது.

இந்த இரண்டெழுத்துப் பழுது உலகப் புகழ் பெற்றது. ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவரிடம் இது இருக்கிறது. அவர்களிடையே பரவலாக உள்ள மூன்று பிராக்கா பழுதுகளையும் சேர்த்தால் நாற்பதில் ஒருவர். அதே பழுது தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பத் தென்பட்டது. யூத வணிகர் வழி வந்திருக்குமோ என்று சிலர் யோசித்தார்கள். மரபணுவின் அக்கம்பக்கத்துக் குறிகளை நம் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தப் பின்னணி வேறாக இருந்தது. இங்கே அது தனியே தோன்றியிருக்கிறது. எங்கோ நம் முன்னோர் ஒருவரின் உடம்பில் இரண்டு எழுத்து விழுந்து, தாலாட்டுப் போலவும் குடும்பப் பெயர் போலவும் கைமாறி, அந்த அப்பத்தா வரை வந்திருக்கிறது.

இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு எவ்வளவு ஆபத்து? பிராக்கா மாற்றம் உள்ள கிட்டத்தட்ட பத்தாயிரம் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான ஆய்வு, 80 வயதுக்குள் மார்பகப் புற்று வர முதல் மரபணுவில் 72 விழுக்காடும் இரண்டாவதில் 69 விழுக்காடும் வாய்ப்பு என்றது. சினைப்பைப் புற்றுக்கு முறையே 44, 17. பெரும்பாலும் மேற்கத்தியப் பெண்களிடம் எடுத்த கணக்கு இது. ஆண்களுக்கும், குறிப்பாக இரண்டாவது மரபணுவில், புரஸ்டேட், கணையம், மார்பகம் ஆகிய இடங்களில் ஆபத்து கூடுகிறது. எண்கள் பெரியவைதான். ஆனாலும் 72 என்றால், 28 பேருக்கு வரவில்லை என்றும் பொருள். ஒரே வீட்டில் ஒரே பழுதோடு பிறந்த அக்காவுக்கு 35இல் வந்தது, தங்கை 75இல் நலமாக இருக்கிறார். மற்ற நூற்றுக்கணக்கான மரபணுக்களில் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள், பிள்ளைப்பேறு, தாய்ப்பால், உடல் எடை எல்லாம் இதில் கை வைக்கின்றன.

ஊழ் என்று சொல்லிவிட்டுப் போவது நமக்கு எளிது. மரபணு என்றதும் பலர் தலையெழுத்து என்றே கேட்டுக்கொள்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. தெரிந்துகொண்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. பிராக்கா மாற்றம் உள்ள பெண்ணுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின், முதல் மரபணு என்றால் 35க்கும் 40க்கும் இடையில், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடலாம். சினைப்பைப் புற்றை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நல்ல சோதனை எதுவும் கிடையாது. ஆகவே இந்த அறுவையை நான் வலியுறுத்தியே சொல்வேன். மார்பகங்களை எடுப்பது அவரவர் முடிவு. 2013 மே மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி தாம் அதைச் செய்துகொண்டதாக வெளிப்படையாக எழுதினார்; அவர் தாய் 56 வயதில் இறந்தவர். லிஞ்ச் குடும்பத்தாருக்கு 20, 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்து பார்க்கலாம். புற்றாக மாறுமுன்பே முளைகளைக் கிள்ளி எடுத்துவிடலாம். ஜான் பர்ன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அவர்களுக்கு இரண்டாண்டு ஆஸ்பிரின் கொடுத்து, பெருங்குடல் புற்று குறைவதை 2011இல் நிறுவினார். பெட்டிக்கடையிலும் கிடைத்த ஒரு பழைய மாத்திரை! நீங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். நோய் வந்துவிட்டவர்களுக்கும் இந்த அறிவு மருந்தாகிறது. பிராக்கா பழுதான புற்றுச் செல்லுக்கு டி.என்.ஏ.யை ஒட்ட இன்னொரு குறுக்குவழிதான் மிச்சம். அதையும் அடைத்தால் அது மடிகிறது. ஓலாபரிப் முதலான மருந்துகள் அப்படித்தான் வேலை செய்கின்றன.

இத்தனை இருந்தும் வீடுகளில் பேச்சு எழுவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கல்யாணம்தான். "தங்கச்சிக்குப் பெண் பார்க்க வராங்க டாக்டர், இப்ப இந்த டெஸ்ட் வேண்டாம்" என்று எத்தனை பேர் கையைப் பிடித்திருக்கிறார்கள்! அந்தப் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. வார்தின் காலத்தில் மரபு பற்றிய அறிவு இனமேம்பாட்டுக் கொள்கையோடு கலந்து, 'கெட்ட வம்சம்' என்று மனிதர்களை ஒதுக்கப் பயன்பட்டது; வார்தினே அந்தக் கொள்கையை ஆதரித்தவர். அந்தத் தவறு நம் தெருவில் வேறு பெயரில் நடக்கிறது. மாமியார் வீட்டில், "உங்க வம்சத்து நோயை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்தியே" என்று கேட்கப்பட்ட பெண் என் முன்னால் அழுதிருக்கிறார். யாரும் எதையும் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எந்தப் படி போகும் என்பதில் தாய்க்கும் பங்கில்லை, தந்தைக்கும் பங்கில்லை. பழுதான மரபணு எதுவுமே இல்லாத வம்சம் இந்த உலகில் கிடையாது.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்றும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் இன்றும் நான்கில் ஒரு திருமணமாவது உறவுக்குள் நடப்பதால் நியாயமான கேள்வி. பிராக்காவோ லிஞ்ச்சோ உறவுத் திருமணத்தால் உண்டாவதில்லை; ஒருவரிடமிருந்து ஒரு படி வந்தாலே போதும். ஆனால் இரு படிகளும் பழுதானால் மட்டும் வருகிற நோய்கள் வேறு உண்டு. வெயில் பட்டாலே தோலில் புற்று முளைக்கும் குழந்தைகளை நம் பக்கத்தில் பார்க்கிறோம். பிராக்கா 2 பழுதை அப்பா அம்மா இருவருமே கொடுத்துவிட்டால் ஃபான்கோனி இரத்தசோகை என்ற கொடிய நோயோடு குழந்தை பிறக்கலாம். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வீடுகளில், கல்யாணத்துக்கு முன் குடும்பப் படம் ஒன்றை வரைந்து பார்ப்பது நல்லது.

சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எல்லாரும் ஓடிப்போய் எடுக்க வேண்டியது கிடையாது. நோய் வந்தவரிடம் முதலில் எடுக்க வேண்டும். பழுது எது என்று தெரிந்தபின் உறவினருக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் மிகக் குறைவு. சில முடிவுகளில் 'பொருள் தெளியாத மாற்றம்' என்று வரும். அதை வைத்து அறுவைக்குப் போகவே கூடாது. நம்மவர்களுக்கு அப்படி அதிகம் வருகிறது; காரணம், உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியருடையது. நம் நாட்டின் பல இனக்குழுக்களிலிருந்து 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. தெளியாத பல மாற்றங்கள் இனித் தெளியும்.

நோயை மறைக்காமல் சொல்வது என்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. 1923இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றால் இறந்தார். அந்தக் காலத்தில், அதுவும் அந்த உறுப்பின் பெயரை, யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? அவர் சொன்னார். மேடைகளில் சொன்னார், எழுதினார், நிதி கேட்டுப் படியேறிய வாசல்களில் சொன்னார். முப்பதாண்டு விடாமல் உழைத்து 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். ஒரு தங்கையின் நோயை மறைக்காமல் சொன்னதிலிருந்து எழுந்த கட்டடம் அது.

அந்த 34 வயதுப் பெண் இப்போது நலமாக இருக்கிறார். கீமோவும் அறுவையும் முடிந்து, சினைப்பைகளையும் எடுத்துவிட்டோம். அவருடைய தங்கைக்குச் சோதித்தோம். இல்லை என்று வந்தது. அந்த நாளில் அவர் சிரிக்கவில்லை, அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். தான் தப்பித்ததற்கே குற்றம் செய்ததுபோல் உணர்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இறந்துபோன அத்தைக்கு மூன்று பிள்ளைகள். அவர்களிடம் யார் சொல்வது? நிலத் தகராறு ஒன்றில் பேச்சு நின்று, அந்த வீட்டு வாசலை மிதித்து 18 ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார் அப்பா. நான் சொல்லிவிட முடியாது. என் நோயாளியின் இரகசியம் அது. உறவினருக்கென்று எளிய தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஒருநாள், முன்பதிவு எதுவும் இல்லாமல் வந்து நின்றார். கூட ஒரு பெண். அத்தையின் மூத்த மகள், 39 வயது. பஸ் பிடித்துப் போய், வாசலில் நின்றபடியே கடிதத்தை நீட்டினாராம். அவள் படித்துவிட்டு, "உள்ள வாங்க மாமா" என்றாளாம். அன்று இரவு முழுக்க இருவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அந்தப் பெண் கைப்பையிலிருந்து, மகனின் கணக்கு நோட்டில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து என் மேசைமேல் விரித்தார். வட்டமும் சதுரமும் அவர்களாகவே போட்டது. கோடுகள் கோணலாக இருந்தன. நான் வரைந்ததைவிட மூன்று கறுப்பு வட்டங்கள் அதில் கூடுதல். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், ஊர், வயது. மேலே ஓரத்தில் ஒரு வட்டத்துக்கு மட்டும் பெயர் இல்லை. "அப்பத்தாவின் தங்கை, வயிற்றுக்கட்டி, கல்யாணமாகி இரண்டு பிள்ளை" என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.